திங்கட்கிழமை 5:29

போன ஆகஸ்ட்ல ப்ளேஸ்மென்ட் ஹெச்.ஆர். ரவுண்டுல என்கிட்ட கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "ஹையர் ஸ்டடீஸ் ஐடியா ஏதாவது இருக்கா?" உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்க, இல்லைன்னா கேட்பாங்க. "இருக்கு"ன்னு சொன்னா ரெண்டு வருஷத்துல ஓடிடுவான்னு நினைப்பாங்க. "இல்ல"ன்னு சொன்னா முன்னேறுற ஆசையே இல்லாதவன்னு நினைப்பாங்க. அதனால சீனியர்கள் ஒரு பதிலை வழிவழியா கைமாத்தி விட்டிருக்காங்க: "வேலை பார்த்துக்கிட்டே ஆன்லைன்ல மாஸ்டர்ஸ் பண்ணுவேன் சார்." நானும் அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆஃபர் வந்துடுச்சு.

அந்தப் பதிலைச் சொல்ல நம்ம பேட்ச்லயே தகுதி கம்மியான ஆள் நான்தான். ஏன்னா எங்க வீட்டுல ஒருத்தி அதை மூணு வருஷமா பண்ணிக்கிட்டு இருக்கா. என் அக்கா. அவ படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தும், ஏதோ வீக்கெண்ட்ல கிரிக்கெட் ஆடுவேன்கற மாதிரி சொல்லிட்டு வந்தேன்.

தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது எனக்கு இதுதான் முதல் தடவை. பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், செகண்ட் லேங்வேஜ் ஃப்ரெஞ்சு, அதுவும் மார்க்குக்காக. பிழை இருந்தா நம்ம எடிட்டர் திருத்தியிருப்பான். திருத்தலைன்னா அவனைத் திட்டுங்க.

அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவ. கவுன்சிலிங்ல கவர்மென்ட் காலேஜ் கிடைச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சு, 2019-ல இருந்து சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனில வேலை. 2022-ல அவளுக்கு அமெரிக்காவுல ஃபுல் டைம் எம்.எஸ். அட்மிட் வந்தது. அதே வருஷம்தான் நான் ப்ளஸ் டூ முடிச்சேன். என் கட்-ஆஃப் பத்தி இங்க பேச வேண்டாம். மேனேஜ்மென்ட் கோட்டா சீட். நாலு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் கூட்டினா ஏழரை லட்சத்தைத் தாண்டிச்சு. அதுக்கு மேல போனா எஜுகேஷன் லோனுக்கு பேங்க்ல சொத்து கேட்பாங்க. எங்ககிட்ட இருந்த சொத்து திண்டிவனம் பக்கத்துல அம்மா பேர்ல ஒரே ஒரு மனை. அப்பா புதுப்பேட்டைல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கணக்கு எழுதுறார். மனை ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு.

யாரும் சத்தம் போடல, அழல. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அக்காவே, "நான் ஆன்லைன்ல பண்ணிக்கறேன்மா, சம்பளமும் வரும், டிகிரியும் வரும்"னா. அம்மா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான். அப்போ எனக்குப் பதினேழு வயசு, "சூப்பர்ல, வீட்டுல இருந்தே எம்.எஸ்."னு நெஜமாவே சந்தோஷப்பட்டேன்.

அவ சேர்ந்தது ஜார்ஜியா டெக் நடத்துற ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ்ல. நம்மள்ல பாதி பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. உடாசிட்டி, ஏ.டி. அண்ட் டி. ரெண்டும் கூட்டு சேர, 2014 ஜனவரில ஆரம்பிச்சது. மொத்தப் படிப்புக்கும் 7,000 டாலருக்குள்ளன்னு அறிவிச்சப்போ அமெரிக்காவுலயே நம்பாதவங்க நிறைய. இப்போ ஒரே சமயத்துல 10,000 பேருக்கு மேல படிக்கிறாங்க. பத்து கோர்ஸ், முப்பது கிரெடிட், முடிக்க ஆறு வருஷம் டைம். ஜி.ஆர்.இ. கேட்கறதில்ல, டோஃபல் மாதிரி ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் மட்டும் எழுதணும். டிகிரி சர்டிஃபிகேட்ல "ஆன்லைன்"ங்கற வார்த்தையே கிடையாது. கேட்டா எவ்வளவு நல்லா இருக்கு! ப்ரோஷர்ல இருக்கறது எதுவும் பொய் இல்ல. அதுல ஒரு விஷயம் மட்டும் இல்ல, அதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்களுக்கு என்.பி.டி.இ.எல். தெரியும். பன்னெண்டு வாரம், பன்னெண்டு அசைன்மென்ட், அதுல பெஸ்ட் எட்டு எடுத்து 25 மார்க், எக்ஸாம் 75. புதன்கிழமை ராத்திரி பதினொன்னரைக்கு வாட்ஸ்அப் குரூப்ல பத்து கேள்விக்கும் ஆன்சர் வரும், பதினொன்னு ஐம்பதுக்குள்ள போட்டுட்டு தூங்குவோம். "ஆன்லைன் படிப்பு"ன்னதும் நம்ம மூளைக்கு வர்ற படம் இதுதான். அக்காவோடது அப்படி இல்ல. ஒரு கோர்ஸுக்கு வாரத்துக்குப் பதினஞ்சுல இருந்து இருபது மணி நேரம். ப்ராஜெக்ட் கோட் எழுதி சப்மிட் பண்ணா ஆட்டோகிரேடர் திருத்தும், அதுலயும் ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு கணக்கு. குரூப்ல கேட்க குரூப்பே கிடையாது, எடுத்துப் போட்டா மாட்டிப்பீங்க.

டெட்லைன் எப்போ தெரியுமா? அவ எடுத்த கோர்ஸ்கள்ல பலதுல ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:59. ஆனா எந்த ஊர் ஞாயித்துக்கிழமை? "எனிவேர் ஆன் எர்த்"னு ஒரு முறை வச்சிருக்காங்க. பூமில எந்த மூலைலயாவது ஞாயித்துக்கிழமை மிச்சம் இருந்தா அது வரைக்கும் டைம். பசிஃபிக் பெருங்கடல் நடுவுல பேக்கர், ஹவ்லண்ட்னு ரெண்டு தீவு இருக்கு, ஆளே இல்லாத தீவு, அங்கதான் நாள் கடைசியா முடியும். அந்த டைமை நம்ம டைமுக்கு மாத்தினா திங்கட்கிழமை சாயங்காலம் 5:29.

உலகம் பூரா இருக்கறவங்களுக்கு நியாயமா இருக்கணும்னு வச்ச முறை. நல்ல முறைதான். ஆனா நம்ம ஊர்ல ஆபீஸ் போறவளுக்கு திங்கட்கிழமை 5:29-ன்னா என்ன? காலைல வாரத்தோட முதல் மீட்டிங், மத்தியானம் க்ளையன்ட் கால், நாலரைக்கு இன்னொரு மீட்டிங். அந்த ஆளில்லாத தீவுக்கு ஞாயித்துக்கிழமை கடைசி மணி நேரம், இவளுக்கு ஆபீஸோட உச்சகட்ட மணி நேரம். ஞாயித்துக்கிழமை ராத்திரியே முடிச்சிட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். "நீ எந்த அசைன்மென்ட்டை முந்தின நாளே முடிச்சிருக்க?"ன்னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

எங்க வீட்டுல திங்கட்கிழமைக்குன்னு தனி சட்டம் உண்டு. நாலரை மணிக்கு மேல அம்மா குக்கர் வைக்க மாட்டாங்க, விசில் சத்தம் கால்ல கேட்குமாம். டி.வி. ம்யூட். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாவு வாங்க வந்தா வாசல்லயே பேசி அனுப்பிடுவாங்க. ஆனா அம்மாவுக்கு அக்கா என்ன படிக்கிறான்னு இன்னைக்கும் சரியா தெரியாது. சொந்தக்காரங்க கேட்டா, "என்னமோ அமெரிக்கா பரிட்சையாம்"னு சொல்வாங்க, அடுத்த வாக்கியம் கண்டிப்பா, "இருபத்தெட்டு ஆகுது, இது எப்ப முடியறது, எப்ப கல்யாணம்..."

தனியா படிக்கிறதும் ஒரு கஷ்டம்தான். நமக்கு இன்டர்னல்ல மார்க் போச்சுன்னா கேன்டீன்ல உட்கார்ந்து ஸ்டாஃபைத் திட்ட நாலு பேர் இருக்காங்க. அவளுக்கு டிஸ்கஷன் போர்டுல பேர் மட்டும்தான். அவ சொன்ன ஒரு கதை: 2016-ல அதே படிப்புல அசோக் கோயல்னு ஒரு ப்ரொஃபசர், ஜில் வாட்சன்னு ஒரு டீச்சிங் அசிஸ்டென்ட்டைப் போட்டாராம். ஸ்டூடன்ட்ஸ் கேட்கற டவுட்ல சிலதுக்கு ஜில் பதில் போட்டுக்கிட்டே இருந்திருக்கு. செமஸ்டர் கடைசிலதான் அது மனுஷியே இல்ல, ஐ.பி.எம். வாட்சன் வச்சு செஞ்ச ப்ரோக்ராம்னு பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ சிரிக்கல. "எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் பதில் போட்டா போதும்டா, அது யாரா இருந்தா என்ன"ன்னா.

இப்போ 2023 டிசம்பர் 4. தேதியைச் சொன்னாலே சென்னைப் பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மிக்ஜாம் புயல். அன்னைக்குத் திங்கட்கிழமை. நான் ஸ்டடி ஹாலிடேஸ்ல வேளச்சேரி வீட்டுல இருந்தேன். நாங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர். கீழ் வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி, அவங்க சாமான் பாதி எங்க ஹால்ல. காலைலயே கரன்ட் போச்சு, மத்தியானம் இன்வர்ட்டர் செத்துது, செல் டவர் ஒண்ணும் வேலை செய்யல. அக்காவுக்கு அன்னைக்கு ஃபைனல் ப்ராஜெக்ட் சப்மிஷன். கோட் முடிஞ்சிருந்தது, ரிப்போர்ட்ல ரெண்டு பக்கம் பாக்கி. லேப்டாப்ல 11 சதவீதம் சார்ஜ்.

கீழ் வீட்டுப் பாட்டிக்கு அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. இவ குடையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போறா. காத்துல குடை முதல் நிமிஷமே மடங்கிடுச்சு. தண்ணி டாங்க் மேல ஏறி நின்னா ஒரு புள்ளி சிக்னல் வந்து வந்து போகுது. நான் அவ காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், விழுந்துடக் கூடாதுன்னு. ஃபோன்ல நாலு வரி மெயில் டைப் பண்ணி அனுப்பினா. சுத்திக்கிட்டே இருந்து, கடைசில போச்சு. மணி 5:10. நனைஞ்ச கோழி மாதிரி நின்னுக்கிட்டு, "போச்சுடா, போயிடுச்சு"ன்னு அவ சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு.

புதன்கிழமை சிக்னல் வந்தப்போ பதில் வந்திருந்தது. முதல்ல பத்திரமா இருங்க, ப்ராஜெக்ட்டுக்கு மூணு நாள் எக்ஸ்ட்ரா எடுத்துக்கோங்கன்னு. இந்தக் கதையை நான் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லியிருக்கேன். "எங்க அக்கா டாங்க் மேல ஏறி மெயில் போட்டா மச்சான்"னு.

இதுக்கப்புறம் நடந்ததை யார்கிட்டயும் சொன்னதில்ல.

நாலாவது செமஸ்டர்ல மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ ஞாபகம் இருக்கா? எங்க டீமுக்கு 2024 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு ஞாயித்துக்கிழமை, அதையும் சேர்த்து நாலு நாள் ஊர் சுத்திட்டு, திங்கட்கிழமை காலைல லேப்ல உட்கார்ந்தா லாகின் பேஜைத் தவிர எதுவும் ஓடல. டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல. டீம்ல மூணு பேருமே கையை விரிச்சுட்டாங்க. மத்தியானம் ஒன்னரைக்கு அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"எங்க இருக்க? ஆபீஸா?"

"இல்லடா, வீட்டுல. ஹாஃப் டே லீவ்."

"அப்பாடா! அக்கா, ப்ளீஸ், நாளைக்கு ரிவ்யூ. மீட்ல வா, ஸ்க்ரீன் ஷேர் பண்றேன். ஒரு மணி நேரம்தான்."

ரெண்டு செகண்ட் அவ பேசல. நெட்வொர்க்னு நினைச்சேன். அப்புறம், "சரி, லிங்க் அனுப்பு"ன்னா.

ஒரு மணி நேரம் இல்ல. ஆறேகால் வரைக்கும் இருந்தா. ஒவ்வொரு ஃபைலா திறக்கச் சொல்லி, எங்க மூணு பேருக்கும் புரியற மாதிரி சொல்லிக் கொடுத்து, எங்க கையாலயே திருத்த வச்சா. இடையில ஒரு தடவை, "நீங்க இதை ட்ரை பண்ணுங்க, வந்துடறேன்"னு பத்து நிமிஷம் காணோம். டீ குடிக்கப் போயிருக்கான்னு நினைச்சோம். மறுநாள் ரிவ்யூல எங்களுக்கு நல்ல மார்க். பானல்ல இருந்த மேடம், "ஒழுங்கா புரிஞ்சு பண்ணியிருக்கீங்க"ன்னு வேற சொன்னாங்க. எனக்காக அக்கா லீவ் போட்டிருக்காளேன்னு அப்போ ஒரு நெகிழ்ச்சி. நான் ஃபோன் பண்றதுக்கு முன்னாடியே எனக்காக எப்படி லீவ் போட்டிருக்க முடியும்னு மூளைக்கு எட்டவே இல்ல.

ஒன்றரை வருஷம் கழிச்சு, போன தீபாவளிக்குத்தான் எட்டினது. அதுவும் திங்கட்கிழமை தீபாவளி. வெளிய சரம் வெடிக்குது, உள்ள இவ 5:29-க்கு எதையோ சப்மிட் பண்ணிட்டு வந்து அதிரசம் தின்னுக்கிட்டு இருக்கா. நான், "எனக்கும் இந்த ப்ரோகிராமுக்கு அப்ளிகேஷன் எப்படிப் போடறதுன்னு காட்டு"ன்னேன். அவளோட ட்ரான்ஸ்கிரிப்டைத் திறந்து கோர்ஸ் ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டு வந்தா. எல்லாம் ஏ, பி. நடுவுல ஒரே ஒரு சி. ஸ்ப்ரிங் 2024.

"இது என்ன?"

"சிஸ்டம்ஸ் கோர்ஸ். கடைசி ப்ராஜெக்ட் பாதிதான் போச்சு. ஸ்பெஷலைசேஷனுக்கு பி வேணும், அதனால மறுபடி எடுத்து முடிச்சுட்டேன்."

"ஏன் பாதி போச்சு?"

"விடுடா, அந்த வாரம் கொஞ்சம் டைட்."

விட்டுட்டேன். ஆனா அவ லேப்டாப்ல காலண்டர் திறந்தே இருந்தது. அவ தண்ணி குடிக்க எழுந்து போனப்போ பின்னாடி தள்ளிக்கிட்டே போனேன். ஏப்ரல் 15, 2024. மஞ்சள் கலர்ல "ஹாஃப் டே லீவ்." அதுக்குக் கீழ சிவப்புல "5:29."

பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனா இல்ல, அப்போதான் அவ பாதியை சப்மிட் பண்ணியிருக்கா.

புயலுக்கு மெயில் போட்டவ, எனக்காகப் போடல. என்னன்னு போடுவா, "என் தம்பி நாலு நாள் ஊர் சுத்தினான்"னா? அந்த ஒரு கோர்ஸை மறுபடி எடுத்ததுல ஃபீஸ் இன்னொரு தடவை, நாலு மாசம் இன்னொரு தடவை. அதே வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், ஒரு செமஸ்டரே எடுக்கல. இந்த மேயோட அவளுக்கு எட்டு கோர்ஸ் முடியும். இன்னும் ரெண்டு.

இதை எழுதறது அழ வைக்க இல்ல. "வேலை பார்த்துக்கிட்டே பண்ணுவேன் சார்"ங்கற வாக்கியத்துல அந்த வாரத்துக்கு இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்னு நம்மள்ல யாரும் கணக்குப் போட்டதில்ல. சம்பளம் குடுக்கிறவன் அவனோட மணி நேரத்தை விட மாட்டான். யுனிவர்சிட்டி ஒரு தீவோட நேரம் வரைக்கும் தான் காத்திருக்கும். பாக்கி இருக்கறது தூக்கமும் வீட்டு ஆளுங்களும்தான். அங்கிருந்துதான் எடுக்கணும், இல்லைன்னா என்னை மாதிரி ஒருத்தன் வந்து உங்ககிட்ட இருந்து எடுப்பான்.

அப்படியும் பண்ணணும்னா நல்லா பண்ணுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. அக்கா இதுல கத்துக்கிட்டது ஆபீஸ்ல அடுத்த வாரமே பயன்பட்டதை நான் பார்த்திருக்கேன். ஃபுல் டைம் போனா ஆகற நாப்பது ஐம்பது லட்சம் எங்கே, இது எங்கே. ஆனா வேலைல சேர்ந்த முதல் ஆறு மாசம் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, ஷிஃப்ட் எது, டீம் எப்படின்னு தெரியட்டும். கம்பெனி ஃபீஸ் கட்டுதுன்னா எத்தனை வருஷம் பாண்ட்னு படிச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாதவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். வேலை பார்க்கிறவங்களுக்கான படிப்பை பிட்ஸ் பிலானி 1979-லயே ஆரம்பிச்சது, அது மாதிரி நல்லது இருக்கு. கண்ட விளம்பரமும் இருக்கு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில குடுத்த இன்ஜினியரிங் டிகிரி செல்லாதுன்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்போ, வருஷக்கணக்கா அந்த டிகிரியோட வேலை பார்த்தவங்க நடுத்தெருவுல நின்னாங்க. அங்கீகாரம் இருக்கான்னு பார்க்காம பணம் கட்டாதீங்க. வெளிநாட்டு ஆன்லைன் டிகிரின்னா, இங்க அரசு வேலைக்கோ பிஹெச்.டி.க்கோ எடுத்துப்பாங்களான்னு முன்னாடியே விசாரிங்க.

என் விஷயம் என்னன்னா, அம்மா போன மாசம் ஒரு புது ப்ளான் சொன்னாங்க. "நீ வெளிநாடு போய் நேர்லயே படிடா, பையன் நீ, அக்காவுக்குத்தான் சம்பளம் வருதே, லோனுக்கு அவ கையெழுத்துப் போடுவா." அக்கா பக்கத்துலதான் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. "போடறேன்மா"ன்னா. 2022-ல "ஆன்லைன்ல பண்ணிக்கறேன்மா"ன்னு சொன்ன அதே குரல்.

நான் இந்த வருஷம் எங்கயும் அப்ளை பண்ணல. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, இந்த லிங்க்கை யாரும் அவங்களுக்கு அனுப்பிடாதீங்க. ஜூலைல சேர்றேன். என் லோனுக்கு நாலு வருஷமா மாசா மாசம் வட்டி கட்டிக்கிட்டு இருக்கறது யாருன்னு உங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும், அதை முதல் சம்பளத்துல இருந்து என் பக்கம் மாத்தறேன். பேங்க்ல கேட்டாச்சு, பண்ணலாமாம். அந்தக் காலண்டர் விஷயத்தை மட்டும் அவகிட்ட இன்னும் பேசல. பேசினா, "விடுடா"ன்னுதான் சொல்வா. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

இன்னைக்குத் திங்கட்கிழமை. ஹாஸ்டல் மொட்டை மாடில உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருக்கேன், மணி 4:40. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒரு எரர் வந்து நிக்குது, அவகிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவா.

ஆறு மணிக்கு மேல ஃபோன் பண்றேன்.